பிரெஃபோஸ் என்றால் பிள்ளை

குருவானவர் காலை உணவு அருந்துகிறார். அருந்தட்டும். பசி எவருக்கும் பொது. ஆனால் குருமனை வராந்தாவில், கால் ஒன்று வளைந்துபோன இந்தப் பிளாஸ்டிக் நாற்காலியில் நான் வந்து அமர்ந்து அரைமணி நேரம் கடந்துவிட்டது என்பதையும், நான் எதற்காக வந்திருக்கிறேன் என்பதை அவர் மனைவி ஐயரம்மா உள்ளே போய்ச் சொல்லியாயிற்று என்பதையும், அவர் இட்லியை விழுங்கிக்கொண்டே கன்வென்ஷன் பந்தலுக்கு எத்தனை தகரம் வேண்டும் என்று தொலைபேசியில் பேசுவது என் காதில் விழுகிறது என்பதையும் யாராவது குறித்துக்கொள்ள வேண்டும். கோயில் காம்பவுண்டுக்கு வெளியே வேப்பமரத்தடியில் ஓர் ஆட்டோ நிற்கிறது. அதன் பின்னிருக்கையில் என் மருமகன் கிங்ஸ்லி. அவன் மடியில், ஆஸ்பத்திரியில் கொடுத்த வெள்ளைத் துவாலைக்குள், என் பேத்தி. நேற்று மாலை நான்கு மணிக்குப் பிறந்தாள். பிறந்தாள் என்று சொல்லலாமா கூடாதா என்பதுதான் இப்போது வழக்கு. எட்டு மாதம் தாயின் வயிற்றில் இருந்து, வியாழக்கிழமை துடிப்பு அடங்கி, ஒரு மூச்சும் விடாமல் வெளியே வந்தவள். மூச்சு விடாததால் ஞானஸ்நானம் இல்லை. ஞானஸ்நானம் இல்லாததால் எங்கள் சபையின் கல்லறைத் தோட்டத்தில் இடமில்லை, மரண மணி இல்லை, புத்தகத்தில் பெயர் இல்லை. தோட்டத்துப் பின்வேலிக்கு வெளியே உடைமுள் மண்டிக் கிடக்கும் மேட்டில் தகப்பன் குழி தோண்டிக்கொள்ள வேண்டும், ஜெபம் வேண்டுமானால் அவனே செய்துகொள்ள வேண்டும். இதுதான் வழக்கம். என் மகள் பியூலா நேற்று இரவெல்லாம் அழவில்லை. விடிந்ததும் என் கையைப் பிடித்துக்கொண்டு, "அப்பா, வேலிக்கு வெளிய வேண்டாம்ப்பா. உள்ள வைங்கப்பா. அம்மா பக்கத்துல வைங்கப்பா" என்றாள். அவள் அம்மா, என் மனைவி, அந்தத் தோட்டத்துக்குள்தான் உறங்குகிறாள். வைக்கிறேன் என்று சொல்லிவிட்டேன். வேப்பமரத்து நிழல் நகர்கிறது. ஆட்டோவின் முன்சக்கரத்தில் வெயில் ஏறிவிட்டது.

பிரெஃபோஸ். இந்த ஒரு சொல்லைத்தான் அவர்முன் வைக்கப்போகிறேன். பி.டி. என்னும் இறையியல் பட்டம் பெற்றவர், மூன்று ஆண்டு கிரேக்கம் பயின்றவர், பரீட்சை எழுதித் தேறியவர். நான் எட்டாம் வகுப்பு. நகராட்சி நீரேற்று நிலையத்தில் முப்பத்திரண்டு ஆண்டு மோட்டார் ஓட்டியவன். மோட்டாரைப் போட்டால் மேல்நிலைத் தொட்டி நிரம்ப நான்கரை மணி நேரமாகும். அந்த நேரத்தை மற்றவர்கள் சீட்டில் கழித்தார்கள், நான் கிரேக்கத்தில் கழித்தேன். மிஷன் பங்களாவைக் காலி செய்தபோது குப்பையோடு எரிக்கவிருந்த அகராதி ஒன்றை எடுத்து வந்தேன். முதல் எழுத்தில் தொடங்கும் சொற்கள் அனைத்தையும் கரையான் தின்றிருந்தது. ஆகவே இரண்டாம் எழுத்திலிருந்து கற்றேன். அன்பைக் குறிக்கும் பெரிய சொல் முதல் எழுத்தில் தொடங்குவதாம். "அதனாலதான் நம்ம அருமைநாயகத்துக்கு அது மட்டும் தெரியல" என்று முன்பிருந்த குருவானவர் ஒருவர் கமிட்டியில் சொன்னார். பதினொரு பேரும் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. சிரிப்பதற்கு அதில் என்ன இருந்தது? ஆனால் இரண்டாம் எழுத்து முழுமையாகவே எனக்குக் கிடைத்தது. அதன் கடைசிப் பக்கத்தில் இருந்தது பிரெஃபோஸ். கிரேக்கனுக்குப் பிள்ளையைச் சொல்லப் பல சொற்கள் உண்டு. பாயிஸ் என்பான், அது வேலைக்காரனுக்கும் செல்லும். நேப்பியோஸ் என்பான், பேச்சு வராத சிசு. டெக்னோன் என்பான், பெற்றெடுக்கப்பட்டது. பிரெஃபோஸ் இவை எதுவும் அல்ல. வைத்தியராயிருந்த அந்தச் சுவிசேஷகர் அதை எங்கெங்கே வைத்தார் என்று பாருங்கள். முதிர்வயதில் கருவுற்ற தாயின் வயிற்றில் ஆறாம் மாதத்தில் துள்ளியது பிரெஃபோஸ். மாட்டுத் தொழுவத்து முன்னணையில் துணி சுற்றிக் கிடத்தப்பட்டது பிரெஃபோஸ். ஆண்டவர் தொட வேண்டுமென்று ஜனங்கள் தூக்கிவந்தபோது சீஷர்கள் அதட்டி விரட்டப் பார்த்தார்களே, அவையும் பிரெஃபோஸ். வயிற்றுக்குள் இருந்தால் ஒன்று, வெளியே வந்தால் வேறொன்று என்று அவர் பிரிக்கவில்லை. பிரிக்கத் தெரியாதவரா? நாடி பார்த்த கை அது. ஆறு மாதத்தில் துள்ளியது பிள்ளையானால் எட்டு மாதத்தில் துள்ளியது என்ன, குருவானவரே? போன மாதம் பியூலா தொலைபேசியில் சொன்னாள்: "அப்பா, நீங்க இருமுத சத்தம் கேட்டா உதைக்கா." அதற்காகவே நான் மறுநாள் அழைத்து வேண்டுமென்றே இருமினேன். எழுபத்துமூன்று வயதில், பொது இடத்தில், தபால் நிலைய வாசலில் நின்று இருமினேன். எனக்குச் செவிகொடுத்தவளுக்கு ஆறடி மண் இல்லையென்றால், ஆறடிகூட வேண்டாம், இரண்டடி, ஒன்றரை அடி இல்லையென்றால்.

"என்ன அண்ணாச்சி, வெள்ளனயே வந்துட்டிய?" கோயில்குட்டி தாவீது. கோயிலைக் கூட்டிப் பெருக்குவதும் மணி அடிப்பதும் கல்லறைக்குக் குழி அளப்பதும் இவன்தான். நாற்பது ஆண்டாக இவனே. விளக்குமாற்றைச் சுவரில் சாத்திவிட்டு என் முகத்தைப் பார்த்தான். சொன்னேன். "ஆண்டவரே, நம்ம பியூலாவுக்கா? ஒம்பது வருசம் காத்துக்கெடந்த பிள்ளையில்லா அது?" என்று தலையில் கை வைத்து வராந்தாப் படியில் உட்கார்ந்துவிட்டான். பிறகு, தொழில் நினைவு வந்தவனாய், "மணி அடிக்கணுமோ?" என்றான். அடிக்க வேண்டும் என்றேன். "வயசுக்கு ஒரு அடியில்லா முறை. இதுக்கு எத்தன அடிக்க?" அவன் கேலியாகக் கேட்கவில்லை. அளந்து வேலை செய்கிறவன், அளவு கேட்டான். "சரி, அத ஐயர்ட்ட கேட்டுக்கிடுவோம். நீங்க ஒண்ணும் வெசனப்படாதிய அண்ணாச்சி. உள்ளதான் வைப்பாவ. ஆஸ்பத்திரில நர்ஸ் தண்ணி தெளிச்சான்னு ஒரு பேரப் போட்டுருவாவ, முடிஞ்சுது சோலி." என்ன பேசுகிறாய் என்றேன். "உள்ளதச் சொல்லுதேன். இப்ப எல்லாருக்கும் அப்படித்தான நடக்கு? புஸ்தகத்துல இருக்குத சின்னப் பிள்ளையள்ல பாதி நர்ஸ் தெளிச்ச பிள்ளைதான்." எப்போதிருந்து என்று கேட்டேன். "நீங்க செகரட்டரிய விட்டதுலேருந்து" என்றான். விளக்குமாற்றை எடுத்துக்கொண்டு போய்விட்டான். புழுதி எழும்பி வெயிலில் நின்றது.

எல்லாருக்கும். அவன் எல்லாருக்கும் என்றான். உயிர் போகும் அவசரத்தில், குருவானவர் இல்லாத இடத்தில், கிறிஸ்தவன் எவனும் தண்ணீர் தெளித்து ஞானஸ்நானம் கொடுக்கலாம் என்பது சட்டம், நல்ல சட்டம், அதைப் பொய்க்கு வாசலாக்கியிருக்கிறார்கள். பதினான்கு ஆண்டு நான் செயலாளராக இருந்தேன், ஒரு பொய்யான பதிவு என் கையால் ஏறியதில்லை. பிரெஃபோஸ் என்ற சொல்லை வைத்து நேராக வாதாடி வாங்குவேன். நேரான வழி இருக்கும்போது. பதினான்கு ஆண்டு, ஒன்றுகூட இல்லை. மாசிலாமணி வந்தானே. அவனைப் பற்றி இப்போது என்ன? சைக்கிள் கடை மாசிலாமணி. கல்லறைக்குப் போகும் வழியில் கடை. வயிற்றில் துள்ளியது, முன்னணையில் கிடந்தது, தூக்கிவரப்பட்டது, மூன்றும் ஒன்று, குருவானவர் மறுத்தால் நான்காவதாக எகிப்தின் ராஜா ஆற்றோரம் எறியச் சொன்ன சிசுக்களையும் எடுத்துக்காட்டுவேன், அங்கேயும் அதே சொல். மூச்சில்லாமல் பிறந்த தன் பிள்ளைக்கு இடம் கேட்டு மாசிலாமணி கையைக் கழுவாமல் வந்திருந்தான். நகக்கண்ணில் கிரீஸ். கமிட்டி மேசையைச் சுற்றி நாங்கள் பன்னிரண்டு பேர், பதிவுப் புத்தகம் என்முன். அவன் வாசலில் நின்று, "நர்சம்மா தண்ணி தெளிச்சாவ அண்ணாச்சி" என்றான். எந்த நர்ஸ் என்றேன். "வெள்ளை உடுப்புப் போட்டிருந்தாவ" என்றான். யாரோ சிரித்தார்கள். பெயர் என்ன என்றேன். பெயர் தெரியவில்லை. பெயரில்லாமல் கட்டத்தை எப்படி நிரப்புவது? இன்றைக்கு யார் அந்த நாற்காலியில் இருந்தாலும் அதையே கேட்க வேண்டும். முப்பத்தாறு ஆண்டாகிறது, பியூலா அப்போது பிறக்கவே இல்லை. நான் கேட்டது தவறில்லை. கேட்டதோடு நிறுத்தியிருக்கலாம். எழுந்து நின்று டெக்னோன் என்ற சொல்லை விளக்கினேன். பெற்றெடுக்கப்பட்டது என்பதே அதன் பொருள், ஆதலால் உயிரோடு பெறப்படாதது வேதத்தின்படி பிள்ளை என்னும் கணக்கில் வராது என்று பேசினேன். குருவானவர் புருவத்தை உயர்த்தி, "பம்ப் ஹவுஸ்ல இவ்வளவு படிச்சிட்டீரா?" என்றார். அந்தப் பாராட்டு. மாதக்கணக்கில் அதைச் சுவைத்தேன். அப்போது பிரெஃபோஸ் எனக்குத் தெரியாதா? தெரியும். அகராதியின் அந்தப் பக்கத்தில் சிவப்பு மையால் நானே கோடு போட்டிருந்தேன். கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன். யார் கேட்பார்கள்? மாசிலாமணியா? அவன் சைக்கிளில் ஏறவில்லை, வேலிக்கு வெளியே அந்த மேட்டுக்குத் தள்ளிக்கொண்டு போனான். கேரியரில் ஓலைக்கூடை கட்டியிருந்தது. கூடைக்குள் என்ன என்று அப்போது நான் பார்க்கவில்லை, பார்த்தேன், சட்டத்தைப் படித்தவன் கூடையைப் பார்த்துப் பேசக்கூடாது. அதன் பிறகு எத்தனை முறை என் சைக்கிளுக்குக் காற்றடித்திருக்கிறான்! ஒரு சொல் சொன்னதில்லை. ஞாயிறுதோறும் எனக்கு இரண்டு வரிசை பின்னால் உட்காருகிறான். பாடும்போது அவன் குரல் என் பிடரியில் வந்து விழும். ஆட்டோவின் கூரையில் பாதிக்கு வெயில் ஏறிவிட்டது. கிங்ஸ்லி தன் கைக்குட்டையை விரித்துத் துவாலையின் மேல் நிழலாகப் பிடித்திருக்கிறான். பட்டம் பெற்றவரே, இன்னும் எத்தனை இட்லி?

கதவு திறந்தது. குருவானவர் கையைத் துடைத்துக்கொண்டே வந்தார். முப்பத்தெட்டு வயதிருக்கும், மதுரைப் பக்கத்துக்காரர். "மன்னிக்கணும் ஐயா, காக்க வச்சிட்டேன். வீட்ல சொன்னாங்க. ரொம்ப வருத்தமா இருக்கு" என்றார். வருத்தத்தை அப்புறம் வைத்துக்கொள்ளலாம், முதலில் ஒரு கேள்வி என்றேன். நின்றுகொண்டே பேசினேன். வயிற்றில் துள்ளியதையும் முன்னணையையும் தூக்கிவரப்பட்டதையும் ஒவ்வொன்றாக, இடஞ்சுட்டி, எழுத்துக் கூட்டிச் சொன்னேன். ஆற்றோரத்துச் சிசுக்களைச் சொன்னேன். சீஷர்கள் அதட்டினதையும், அதற்கு ஆண்டவர் யார்மேல் கோபம் கொண்டார் என்பதையும் சொன்னேன். என் குரல் உயர்ந்தது எனக்கே கேட்டது. ஐயரம்மா கதவோரம் வந்து நின்றார். அவர் மறுப்பார், மறுக்கும்போது இன்னின்னதைச் சொல்ல வேண்டும் என்று விடியற்காலையிலிருந்து அடுக்கி வைத்திருந்தேன். அவர் மறுக்கவில்லை. "நீங்க சொல்றது நூத்துக்கு நூறு சரிங்க ஐயா" என்றார். "எங்க காலேஜ்லயும் அப்படித்தான் சொல்லிக்கொடுத்தாங்க." சரியென்றால்? "சரிதான். ஆனா அதை வச்சு இன்னைக்கு நான் ஒண்ணும் செய்ய முடியாது. சட்டத்தை மாத்தணும்னா மேல எழுதணும், மன்றம் கூடணும், ரெண்டு வருஷமாவது ஆகும். ஆட்டோவுல பிள்ளை காத்துக்கிட்டிருக்கு." பிள்ளை என்றார். என்னிடமிருந்து ஒரு வாதமும் பெறாமல், முன்பே தெரிந்தவர்போல, பிள்ளை என்றார். உள்ளே போய்ப் புத்தகத்தை எடுத்துவந்து வராந்தா மேசைமேல் விரித்து, பேனாவைத் திறந்தார். "நர்ஸ் பேரு என்னன்னு சொல்லுங்க. எழுதிடறேன்."

நர்ஸ் பெயர். அதே புத்தகம், அட்டை மாற்றிக் கட்டியிருக்கிறார்கள். அதே கட்டம்: ஞானஸ்நானம் கொடுத்தவர். எழுத வேண்டாம் என்று சொல்ல எனக்கு வாய் வந்தது. பொய்யின்மேல் என் பேத்தி உறங்க வேண்டியதில்லை, உண்மையை எழுதுங்கள், மூச்சில்லாமல் பிறந்த பிள்ளை என்று எழுதுங்கள், எழுத மாட்டீர்களானால் வேலிக்கு வெளியே நானே குழி தோண்டுவேன், உங்கள் சட்டத்துக்கு அந்த மேடே சாட்சியாக இருக்கட்டும். நல்ல வாக்கியங்கள். ஒவ்வொன்றும் அச்சில் ஏறத் தகுந்தவை. சொல்லியிருந்தால் குருவானவர் தலைகுனிந்திருப்பார், ஐயரம்மா கண் கலங்கியிருப்பார், ஊர் ஒரு வாரம் பேசியிருக்கும். பிறகு நான் ஆஸ்பத்திரிக்குப் போய்க் கட்டிலருகே நின்று, பியூலா, உன் பிள்ளையை முள்ளுக்குள் வைத்துவிட்டு வந்தேன், ஆனால் என் பேச்சு மிக நன்றாக இருந்தது என்று சொல்ல வேண்டும். அவளுக்குப் பால் கட்டிக்கொண்டிருக்கிறது. காலையில் ரவிக்கை நனைந்திருந்ததைத் துணியால் மூடிக்கொண்டாள். பேனாவை இப்படிக் கொடுங்கள் என்றேன். குருவானவர் கொடுத்தார். பெயர்க் கட்டத்தில் பியூலா துண்டுச் சீட்டில் எழுதித் தந்த பெயரை எழுதினேன்: ஷாரோன். பிறந்த நேரம் நான்கு மணி. ஞானஸ்நானம் கொடுத்தவர் என்ற இடத்தில் என் கை தயங்கவில்லை. தயங்கும் என்று நினைத்தேன், தயங்கவில்லை. த. அருமைநாயகம் என்று எழுதினேன். குருவானவர் குனிந்து பார்த்தார். "நீங்களா கொடுத்தீங்க?" ஆம் என்றேன். "எத்தனை மணிக்குங்க ஐயா?" நான்கு ஐந்து. மரித்த நேரம்? நான்கு பத்து. என் பேத்திக்குப் பத்து நிமிட ஆயுளை நான் கையெழுத்திட்டுக் கொடுத்தேன், கடவுள் கொடாததை. அவர் புத்தகத்தை மூடினார். "தாவீது, ஒரு அடி" என்று குரல் கொடுத்தார்.

ஆட்டோவில் ஏறும்போது மணி அடித்தது. ஒரே அடி. அதன் ரீங்காரம் அடங்க நெடுநேரமாயிற்று. கிங்ஸ்லி, "என்ன மாமா சொன்னாவ?" என்றான். உள்ளேதான் என்றேன். அவன் துவாலையை நெஞ்சோடு சேர்த்துக்கொண்டு குலுங்கினான். நான் அழவில்லை, எனக்குக் கோபம் தீரவில்லை. யார்மேல் என்றுதான் நிலைகொள்ளவில்லை. குருவானவர்மேல் வைத்துப் பார்த்தேன், நிற்கவில்லை. சட்டத்தின்மேல் வைத்தேன், அதை வாசித்துக் காட்டிய குரல் என்னுடையதாக இருந்தது. கல்லறைக்கு முந்திய திருப்பத்தில் சைக்கிள் கடை. வண்டியை நிறுத்தச் சொன்னேன். கிங்ஸ்லிக்குப் புரியவில்லை. மாசிலாமணி கவிழ்த்து வைத்த சைக்கிளின் முன்னால் குத்தவைத்துச் சக்கரத்துக்குக் கோட்டம் எடுத்துக்கொண்டிருந்தான். தலை முழுவதும் நரைத்துவிட்டது. என்னைப் பார்த்ததும் எழுந்து, "வாங்க அண்ணாச்சி. மணி ஒண்ணோட நின்னுட்டே, யாரு?" என்றான். என் பேத்தி என்றேன். பியூலா பிள்ளை. அவன் ஆட்டோவைப் பார்த்தான், துவாலையைப் பார்த்தான். கையை வேட்டியில் துடைத்தான். "மூச்சு இருந்துதா?" இல்லை என்றேன். "வெளியவா வைக்கிய?" உள்ளே என்றேன். அவன் தலையாட்டினான். இங்கே நான் மன்னிப்புக் கேட்க வேண்டும், அதற்காகத்தான் இறங்கினேன், வாக்கியம்கூட அமைந்துவிட்டது, சொல்லவில்லை. அவனே கேட்டான். "நர்ஸ் பேரு கேட்டாவளா?" கேட்டார்கள். "யாரு பேரச் சொன்னிய?"

"என் பேரை" என்றேன்.

அவன் என்னையே பார்த்தான். கோபத்தை அந்த முகத்தில் தேடினேன், இருந்தால் நன்றாயிருக்கும், ஏற்றுக்கொண்டு நின்றிருப்பேன். இல்லை. கணக்குத் தவறவிட்டவன் மறுபடி போட்டுப் பார்க்கும் முகம்தான் இருந்தது.

"நம்ம பேரையே சொல்லலாமா அண்ணாச்சி?" என்றான். "அன்னைக்கு எனக்கு அது தோணலியே."